வெள்ளை லைட்டும் முன் சீட்டும்

என் வீட்டுக்காரர் பாக்கருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் இத்தனை காலம் சுற்றி வளைத்தேன், அதில் பட்டது போதும்.

அவர் தொழில் கார் ஓட்டுவது. தொண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் மஞ்சள் போர்டு வண்டிகள் நிற்குமே, அதில் ஒன்று எங்களுடையது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவுதியிலோ இருப்பார். அவர்களை மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய் விமானம் ஏற்றிவிடுவதும், லீவில் வருகிறவர்களை அழைத்து வருவதும்தான் ஸ்டாண்டுக்குச் சோறு. ஏர்போர்ட் சவாரி என்றால் பெரும்பாலும் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டுத்தான் கிளம்புவார்கள். பகலில் மட்டும் ஓட்டுகிறேன் என்று சொல்ல முடியாது. ஸ்டாண்டில் முறை உண்டு. முறை வந்த சவாரியை வேண்டாம் என்றால் வண்டி கடைசிக்குப் போய்விடும். அடிக்கடி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குத்தான் இவர் பயந்தார்.

இவருடைய வாப்பாவுக்கும் இதே மாலைக்கண்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மாமா வெளிச்சம் இருக்கையில் அசருக்குத் தனியாகப் பள்ளிவாசல் போவார். ராத்திரி இஷாவுக்கு இவர்தான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். அதனால் இவர் சாயங்காலத்தில் வாசல் செருப்பைக் காலால் துழாவ ஆரம்பித்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "எனக்குத் தலவலியா இருக்கு, மதுரையில கண்ணக் காட்டணும், நீங்களும் கூடவே காட்டிட்டு வாங்களேன்" என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

"எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கண் டாக்டரிடம் போனால் அவர் எழுதிவிடுவார். எழுதினால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் பாக்கர் யார்? டிரைவர் பாக்கர் என்றுதான் ஊருக்குத் தெரியும். வெறும் பாக்கரை யாருக்குத் தெரியும்? இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் இதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கினோம்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளை லைட் வந்தது. மதுரைக்குச் சவாரி போனவர், அங்கே ஒரு கார் சாமான் கடையில் வண்டியின் முன் லைட் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது செட் மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டு முன்னால் நிறுத்தி லைட்டைப் போட்டதும் தெருவே வெளுத்துப்போயிற்று. எதிர்வீட்டுக் கோழிகள் விடிந்துவிட்டதென்று இறங்கி வந்தன, பொய் சொல்லவில்லை.

"எப்புடி?" என்றார். பெருநாளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த பிள்ளை மாதிரி முகம். அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தெருக்கோடி வரை தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றேன்.

"பழைய லைட்டு எங்க?"

"கடக்காரன்ட்டயே போட்டுட்டேன். அத வச்சு என்ன செய்ய?"

அது சட்டத்துக்கு ஆகாது என்று தெரியாமல் செய்தோம் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். கம்பெனி எந்த லைட்டோடு வண்டியை வெளியே விட்டதோ அந்த லைட்டோடுதான் அது ஓட வேண்டும். கடையில் விற்கலாம், பில் போடலாம், வரி வாங்கலாம். வாங்கி மாட்டி ரோட்டில் ஓட்டினால் மட்டும் குற்றம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. விற்கிறவனை விட்டுவிட்டு மாட்டுகிறவனைப் பிடிப்பது என்ன நியாயம் என்று நாளெல்லாம் அடுப்படியில் கத்தினேன். அடுப்புதான் கேட்டது.

ஸ்டாண்டில் மற்றவர்கள் அழகுக்கு மாட்டினார்கள். இவர் கண்ணுக்கு மாட்டினார். உப்பூர்ப் பக்கம் ஒருநாள் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி, லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசக் கூடாதாம். இவர் வீட்டுக்கு வந்து நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிட்டார்.

"வண்டிக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சு விட்டிருக்காய்ங்க" என்று சிரித்தார். நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது.

லைட் மாட்டியும் என் மனது ஆறவில்லை. அந்த வெளிச்சம் நேரே விழுந்த இடத்தில்தான் இவருக்குக் கண். ஓரத்தில் நிற்பது தெரியாது. வளைவு தெரியாது. எதிர்வண்டி லைட் முகத்தில் அடித்துவிட்டுக் கடந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் நான் முன் சீட்டில் ஏறினேன். காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஏர்போர்ட்டில் ஆண்களை இறக்கிவிட்டால், வழியனுப்ப வந்த பெண்கள் அழுத முகத்தோடு தனியாகத் திரும்ப வேண்டும். "பொம்பளையள் ஒத்தையில வாராக, தொணைக்கு நான் வாரேன்" என்றேன். ஊர்ப் பெண்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாக்கர் வண்டியைச் சொல்லுங்கள், காலிதாவும் வருவாள் என்று தேடிக் கூப்பிட்டார்கள். இவருக்குச் சவாரி கூடிவிட்டது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முன் சீட்டில் என் வேலை பேசுவது. "அந்தா பாருங்க, யாரோ மாட்ட ரோட்டுல விட்டுட்டுப் போயிருக்காக." "பாலத்துக்கிட்ட மண்ணக் கொட்டி வச்சிருக்காய்ங்களே, இவுகளுக்கு அறிவிருக்கா." "சைக்கிள்ல போற ஆளு என்ன இம்புட்டு மெதுவாப் போறாரு." நான் ஊர்வம்பு பேசுகிற மாதிரி பேசுவேன், இவர் ஒன்றும் கேட்காத மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்புவார். பாக்கர் பொண்டாட்டிக்கு வாய் மூடாது என்று ஊரில் பேர் வந்தது. வந்தால் வரட்டும். ஆனால் வீட்டுக்கு வந்து இறங்கும்போது என் தாடை வலிக்கும், கண் எரியும். ஜன்னல் ஏற்றிய வண்டிக்குள் மணிக்கணக்கில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும். அல்லாவே, இன்றைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாய், நாளைக்கு என்ன செய்வேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் துஆ கேட்பேன்.

அப்படி இருந்த போதுதான் பஞ்சம்மாள் விழுந்தாள்.

பஞ்சம்மாள் மீன்காரி. எக்ஸெல் வண்டியில் மீன் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்று வருகிறவள். அன்றைக்கு விற்று முடித்துக் காலி டப்பாவோடு தேவிபட்டினம் ரோட்டில் எதிரே வந்தாள். இருட்டக்கூட இல்லை, லேசாகக் கருக்கல். இவர் லைட்டைப் போட்டுவிட்டார். டிம்மில்தான் வைத்திருந்தார். அந்த லைட்டுக்கு டிம்மும் ஒன்றுதான், பிரைட்டும் ஒன்றுதான். அவள் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்ததை நான் பார்த்தேன். வண்டி தள்ளாடியது, ரோட்டை விட்டு இறங்கியது, கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது.

இவர் நேரே போய்க்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். "ஒரு பொம்பள விழுந்துட்டா, நிறுத்துங்க."

"எங்க?" என்றார். ஓரத்தில் ஒரு மனுஷி வண்டியோடு விழுந்தது இவருக்குத் தெரியவே இல்லை.

முள்ளிலிருந்து நாங்கள்தான் அவளைத் தூக்கினோம். கை ஒடிந்திருந்தது. எங்கள் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவள் வைத வசவை நான் இங்கே எழுத முடியாது. "ரெண்டு சூரியன முன்னால கட்டிக்கிட்டு வாரீகளே, எதுக்க வாரவ மனுசியாத் தெரியலையா ஒங்களுக்கு" என்றது மட்டும்தான் அதில் எழுதக்கூடியது. அவள் வைதது நியாயம்.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு போய் அவளைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது.

"முள்ளுல விழுந்ததுகூடப் பெருசில்ல, பாயம்மா" என்றாள். "அந்த லைட்டு மூஞ்சில அடிச்சதும் ஒண்ணுமே தெரியல. குருடாப் போயிட்டேன்னு நெனச்சேன். அந்தப் பயம் இருக்கே, அதத்தான் சொல்ல முடியல."

நான் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். லைட் இருந்தால் எதிரே வருகிறவர்களுக்குக் கண் போகிறது. இல்லாவிட்டால் இவருக்குக் கண் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தர் முள்ளில் விழ வேண்டும். அடுத்த தடவை முள்ளோடு போகாது, யாராவது மவுத்தாகிவிடுவார்கள். அது பஞ்சம்மாள் மாதிரி ஒருத்தியாக இருக்கலாம், இவராகவும் இருக்கலாம்.

பஞ்சம்மாள் மகன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். போலீசில் ஆர்.சி. புக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய கம்பெனி லைட்டை மாட்டி, ராமநாதபுரத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, சரி என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் புக் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இவர் ஸ்டாண்டில் போய்ச் சொன்னதும் குருநாதன் சிரித்தானாம். குருநாதனும் டிரைவர்தான், இவரைவிட இளையவன், வீட்டில் ஒருத்தன் மாதிரி. சாயங்காலம் ஒரு அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீக?" என்றான். "மாட்டுங்க, காட்டுங்க, கையெழுத்த வாங்குங்க. சாயங்காலம் கழட்டிட்டு ஒங்க லைட்ட மாட்டிக்கங்க. எல்லாரும் அதத்தானண்ணே செய்யிறோம்."

சாக்குக்குள் ஒரு ஜோடி கம்பெனி லைட் இருந்தது. ஸ்டாண்டில் பாதிக்கு மேல் ஒரே மாடல் வண்டி. எல்லாரும் வெள்ளை லைட்டுக்கு மாறியபோது பழையதைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் போடாமல் வைத்திருந்தது இந்த ஜோடி. எந்த வண்டிக்கு எஃப்.சி. சோதனை வந்தாலும் இதுதான் போய் மாட்டிக்கொண்டு நிற்கும், திரும்ப வந்து சாக்குக்குள் படுத்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது, இதுவும் நமக்குச் சோறு போடுகிற சாமான்தானே என்று இந்த ஜோடிக்கும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மூலையில் அந்தச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. பூஜையில் வைத்த குங்குமத்தை அழிக்கக் கூடாது என்று அவர்கள் யாரும் துடைக்கவில்லை. இவர் கையில் ஈரத் துணியை எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

"அடுத்தவுக சாமிக்கு வச்சது. நாம எதுக்கு அழிக்கணும்?" என்றார்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நல்ல மனுஷர்களுக்கு வருகிற புத்தி சில சமயம் இப்படித்தான் வரும்.

வெள்ளை லைட்டை என் பழைய துப்பட்டியில் சுற்றி டிக்கியில் வைத்தார். சாயங்காலமே மாட்ட வேண்டுமே. அதை அவர் பிள்ளையைப் படுக்கவைக்கிற மாதிரி வைத்ததைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் அவர் ஓட்டுவது எவ்வளவு அழகு தெரியுமா. ஒரு குலுக்கல் இருக்காது. ராமநாதபுரம் வரை நான் வாயே திறக்கவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

ஆபீஸ் மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் இளம் வயதுக்காரர். முகத்தில் கடுகடுப்பு இல்லை. எங்கள் வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தார். லைட்டைப் பார்த்தார். வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த 786 ஸ்டிக்கரைப் பார்த்தார். மறுபடி லைட்டைப் பார்த்தார்.

"என்ன பாய், ஆயுத பூஜை நல்லா நடந்துச்சா?"

"ஸ்டாண்டுல எல்லா வண்டிக்கும் வைப்பாக சார்."

"எல்லா வண்டிக்கும் வைக்கட்டும் பாய். ஆனா எல்லா வண்டியிலயும் இதே மூலையில, இப்படியே ஒரு பக்கமா வழியிற மாதிரியா வைப்பாங்க?" அவர் விரலால் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் குங்குமத்தை நான் தொண்டி வண்டிகள்ல பாத்துக்கிட்டேதான் இருக்கேன். டிக்கியத் திறங்க."

டிக்கியைத் திறந்தார். துப்பட்டியைப் பிரித்ததும் அந்த லைட் இரண்டும் வெயிலில் பளபளவென்று மின்னின. எனக்கு மானமே போயிற்று. இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

"ஒரு அம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருக்கு. அதுக்கப்புறமும் இத சாயங்காலம் மாட்டத்தான கொண்டு வந்திருக்கீங்க? இது இங்கயே இருக்கட்டும். கடையில போய் ஒங்களுக்குன்னு கம்பெனி லைட் வாங்கி மாட்டிட்டு வாங்க. நான் ஆபீஸ்லதான் இருப்பேன்."

கடை கடையாக ஏறி இறங்கி, அந்த மாடலுக்கு லைட் கிடைத்து, மெக்கானிக்கைப் பிடித்து மாட்டி முடிக்கையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இவர் அடிக்கடி வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் பார்ப்பதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். ஆபீசுக்குத் திரும்பி வரும்போது, "லாரி நிக்குது பாருங்க, பட்டப்பகல்ல நிறுத்துற மாதிரி நடுரோட்டுல நிறுத்தியிருக்கான்" என்று என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

மைதானம் காலியாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தச் சொன்னார். லைட்டைப் போடச் சொன்னார். மஞ்சளாகச் சாதுவான வெளிச்சம் சுவரில் விழுந்தது. டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இவ்வளவுதான் பாய். இந்த வெளிச்சம் ஊருக்கெல்லாம் போதுது. ஒங்களுக்கு மட்டும் ஏன் போதலை?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பதில் எதிர்பார்த்துக்கூடக் கேட்கவில்லை. ஆனால் இத்தனை காலம் யாரும் கேட்காத கேள்வி அது. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"அவுகளுக்குப் போதாது சார்" என்றேன். "பொழுது சாஞ்சா அவுகளுக்குக் கண்ணு தெரியாது."

சொல்லிவிட்டேன். என் காதே அதை அன்றைக்குத்தான் கேட்டது. இவர் ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"நெசமா பாய்?" என்றார் இன்ஸ்பெக்டர். சிரிப்பு போய்விட்டது.

"சும்மா சொல்றா சார்." இவர் குரல் இயல்பாகத்தான் இருந்தது. "அந்த மீன்காரம்மா விழுந்ததுலேர்ந்து இவளுக்கு மனசு சரியில்ல. பயந்துபோயிருக்கா."

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். புதுப்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. "டாக்டர் சர்டிபிகேட் குடுத்துத்தான புதுப்பிச்சிருக்காங்க" என்றார் என்னிடம். அந்தச் சர்டிபிகேட் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அந்த டாக்டர் நிமிர்ந்து இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை எங்கே பார்ப்பது?

"நீங்க வாயால சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. எழுதிக் குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பணும், கண்ணச் சோதிக்கச் சொல்லுவாங்க. எழுதித் தாரீங்களா?" அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

நான் பேனாவைப் பார்த்தேன். இவரைப் பார்த்தேன். காதோரத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கட்டினவனுக்கு எதிராகக் கையெழுத்துப் போட என் கை எழவில்லை. நீட்டிய பேனாவாலேயே இன்ஸ்பெக்டர் எங்கள் பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

"வண்டி சரியா இருக்கு பாய். பாத்துப் போங்க."

வண்டி சரியாக இருந்தது. சட்டத்துக்கு அதற்கு மேல் எங்களிடம் கேட்க ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே போய்விட்டார். பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். இவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

"ஏறு."

நான் கீழேயே நின்றேன். கதவு திறந்திருந்தது. அந்த முன் சீட்டைப் பார்த்தேன். எத்தனை ராத்திரி அதில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அப்போதுதான் எனக்கு மூளையில் ஏறியது. போலீசும் இன்ஸ்பெக்டரும் வண்டியை இவ்வளவு சோதித்து, கம்பெனி கொடுக்காத லைட்டைக் கழற்றிவிட்டார்கள். இன்னொன்றை விட்டுவிட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கிற தைரியத்தில்தான் இவர் ஓட்டுகிறார். நான் இவரைக் காப்பாற்றிக்கொண்டு வரவில்லை. ஒரு பிழைக்குத் துணை போய்க்கொண்டிருக்கிறேன்.

"நான் ஏறல" என்றேன்.

"கோவத்த வீட்டுல போய் வச்சுக்க. பொழுதாச்சு, ஏறு."

"கோவம் இல்லங்க. அந்த லைட்டக் கழட்டிட்டாக. இந்த லைட்டும் கழண்டுக்கிருது. இனிமே முன் சீட்டுல நான் உக்கார மாட்டேன். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. இங்கன பஸ் வரும், நான் பஸ்ஸுல போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் என் குரல் வந்த பக்கம் பார்த்தார். பார்வை என் தோளுக்கு மேலே எங்கேயோ போயிற்று.

"நீ இல்லாம நான் எப்புடிப் புள்ள ஊருக்குப் போவேன்?"

பாவி மனுஷன், அதையாவது அப்போதே இன்ஸ்பெக்டர் முன்னால் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நின்றால் ஏறிவிடுவேன் என்று தெரிந்தது. துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்துவிட்டேன்.

ரோட்டில் தொண்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடையில் நின்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்ன காரியம் செய்துவிட்டேன். வீம்புக்கு இவர் தனியாக ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால்? அந்த மஞ்சள் வெளிச்சத்தில், எதிரே லாரியும் பஸ்ஸும் வருகிற ரோட்டில், யார் சொல்லுவார்கள் இவருக்கு? யா அல்லாஹ், அந்தச் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள் என்று கேட்டேன். வேறு துஆ எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் லைட் வெளியே வருகிறதா என்றுதான் பார்த்தேன்.

டிரைவர் டீயை முடித்துவிட்டு ஏறினார். இன்ஜின் போட்டார்.

வாசலில் லைட் வரவில்லை. ஆள் வந்தார். காம்பவுண்டுச் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்தார். சுவர் முடிந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு இன்ஜின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்து ரோட்டோரம் வரை வந்துவிட்டார். இறங்கி ஓடிப் போய்க் கையைப் பிடிக்கலாம். என் உடம்பு பாதி எழுந்தும்விட்டது. நான் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படிக்கட்டுப் பக்கம் வந்து நின்று, பொதுவாகக் கேட்டார்.

"இது தொண்டி பஸ்ஸா?"

கண்டக்டருக்கு அவசரம். "தலைக்கு மேலதான பாய் போர்டு இருக்கு. இவ்வளவு பெருசா எழுதியிருக்கே, தெரியல?"

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். பின்னால் யாரோ, அது பாக்கர் பாய்தானே என்றார்கள். இவர் காதிலும் அது விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தினார்.

"தெரியலப்பா" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியாது. கொஞ்சம் கையப் புடிச்சு ஏத்திவிடு."